ஆர்டிஐ மேல்முறையீடு: பதில் வராத நாளிலிருந்து எண்ணத் தொடங்குங்கள்

"மனு போட்டு மூணு மாசம் ஆச்சு சார், பதிலே வரலை. இன்னும் கொஞ்ச நாள் பார்க்கலாமா?"

தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனு போட்டவர்கள் என்னிடம் அதிகம் கேட்பது இதைத்தான். பொறுமைசாலிகள், பாவம். ஆனால் இந்தச் சட்டத்தில் பொறுமைக்கு மதிப்பெண் கிடையாது. மூன்று மாதம் காத்திருந்தவருக்கு முதல் மேல்முறையீட்டுக் கெடு முடிந்தே ஒரு மாதம் ஆகியிருக்கும். அது அவருக்குத் தெரியாது. அலுவலகத்துக்கு நன்றாகத் தெரியும்.

2005-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 7(2) பிரிவைப் பலர் படிப்பதில்லை. குறித்த நாளுக்குள் பதில் தராவிட்டால், தகவலை மறுத்துவிட்டதாகவே கொள்ள வேண்டும் என்கிறது அது. அதாவது, பதில் வராததும் ஒரு பதில்தான். மறுப்புக் கடிதம் கையில் வந்தால்தான் மேல்முறையீடு செய்ய முடியும் என்று நினைத்துக் காத்திருப்பவர்கள், தங்கள் கெடுவைத் தாங்களே தின்றுகொண்டிருக்கிறார்கள்.

இந்த வழிகாட்டி தமிழ்நாட்டில் இருந்துகொண்டு மாநில அரசு அலுவலகங்களுக்கும் மத்திய அரசு அலுவலகங்களுக்கும் மனு போடுகிறவர்களுக்கானது. மற்ற மாநிலங்களிலும் கெடு நாட்கள் இவைதான். கட்டணமும் சில நடைமுறை விதிகளும் மட்டும் மாறும்.

மனு போடும் அன்றே செய்ய வேண்டியது

மேல்முறையீடு பெரும்பாலும் ஜெயிப்பதும் தோற்பதும் ஒரே ஒரு காகிதத்தில்: மனு அந்த அலுவலகத்துக்கு என்றைக்குப் போய்ச் சேர்ந்தது என்பதற்கான அத்தாட்சி. 30 நாள் கணக்கு நீங்கள் எழுதிய தேதியிலிருந்து ஓடாது, தபாலில் போட்ட தேதியிலிருந்தும் ஓடாது. அந்த அலுவலகத்தில் ஆர்டிஐ மனுக்களுக்குப் பதில் தரும் பொறுப்பில் இருக்கும் பொதுத் தகவல் அலுவலர் கையில் மனு கிடைத்த நாளிலிருந்துதான் ஓடும்.

நேரில் கொடுத்தால் உங்கள் நகலில் தேதியோடு அலுவலக முத்திரை வாங்குங்கள். "வச்சிட்டுப் போங்க, பாத்துக்கிறோம்" என்றால் வைத்துவிட்டு வராதீர்கள்; தபாலில் அனுப்புங்கள். பதிவஞ்சல் சேவையை 2025-ல் ஸ்பீட் போஸ்ட்டுடன் இணைத்துவிட்டார்கள். அதனால் ஸ்பீட் போஸ்ட் ரசீதைப் பத்திரமாக வைத்திருங்கள். நான்கைந்து நாள் கழித்து அஞ்சல் துறை இணையதளத்தில் ரசீது எண்ணைப் போட்டு, "பட்டுவாடா ஆனது" என்று வரும் பக்கத்தை அன்றே அச்செடுத்துவிடுங்கள். ஆறு மாதம் கழித்துத் தேடினால் அந்தப் பக்கம் அங்கே இருக்கும் என்று நம்ப வேண்டாம்.

இணையவழியில் போட்டால் இந்தத் தலைவலி இல்லை. மத்திய அரசுக்கு ஆர்டிஐ ஆன்லைன் தளம் இருக்கிறது, தமிழ்நாடு அரசுக்கும் தனித் தளம் இருக்கிறது. பதிவு எண்ணும் தேதியும் தானாகவே விழுந்துவிடும். ஆனால் எல்லா அலுவலகங்களும் அந்தத் தளங்களில் இல்லை.

பிறகு, வீட்டில் பால் கணக்கு எழுதும் மாதக் காலண்டர் இருக்குமே, அதில் 30-ஆவது நாளைச் சிவப்புப் பேனாவால் வட்டமிடுங்கள். கைப்பேசி நினைவூட்டலும் போடலாம்தான். எனக்குச் சுவரில் தொங்கும் காலண்டர்தான் கைகொடுத்திருக்கிறது. தண்ணீர் குடிக்கப் போகும்போதெல்லாம் கண்ணில் படும்.

முதல் கெடு: 30 நாள், சில விதிவிலக்குகள்

சாதாரண மனுவுக்கு 30 நாள். ஞாயிறு, பொங்கல், தீபாவளி எல்லாம் இதில் அடக்கம். சட்டம் வேலை நாள் என்று சொல்லவில்லை, நாள் என்றுதான் சொல்கிறது.

ஒருவரின் உயிர் அல்லது சுதந்திரம் சம்பந்தப்பட்ட தகவலாக இருந்தால் 48 மணி நேரம். வீட்டிலிருந்து ஒருவரைப் போலீஸ் அழைத்துப் போய், எங்கே வைத்திருக்கிறார்கள் என்று தெரியாத நிலை இதற்கு நல்ல உதாரணம். அவசரம் என்பதற்காக எல்லா மனுவிலும் இதை எழுதினால் எடுபடாது. இதைக் கோருவதாக இருந்தால், ஆபத்து என்ன என்பதை மனுவின் முதல் வரியிலேயே சொல்லிவிடுங்கள்.

உதவிப் பொதுத் தகவல் அலுவலரிடம் மனு கொடுத்திருந்தால் 5 நாள் கூடும். தவறான அலுவலகத்துக்குப் போன மனுவை அவர்கள் 6(3) பிரிவின்படி 5 நாளுக்குள் உரிய அலுவலகத்துக்கு மாற்றி, உங்களுக்கும் தெரிவிக்க வேண்டும். அங்கே போய்ச் சேர்ந்த பிறகு 30 நாள். "இது எங்கள் அலுவலகம் சார்ந்ததல்ல" என்று எழுதி மனுவை உங்களுக்கே திருப்பி அனுப்பினால், அதுவே மேல்முறையீட்டுக்கு ஒரு காரணம்.

கேட்ட தகவல் வேறொருவர் கொடுத்தது, அதை அவர் ரகசியமாகக் கருதியிருக்கிறார் என்றால், 11-ஆவது பிரிவின்படி அந்த மூன்றாம் தரப்புக்கு 5 நாளுக்குள் அறிவிப்பு அனுப்ப வேண்டும். அவர் 10 நாளுக்குள் கருத்துச் சொல்லலாம். அலுவலர் முடிவெடுக்க மொத்தம் 40 நாள்.

மாநில அரசு 24(4) பிரிவின் கீழ் விலக்களித்திருக்கும் பாதுகாப்பு, உளவு அமைப்புகளிடமும் ஊழல், மனித உரிமை மீறல் பற்றிக் கேட்கலாம். மனித உரிமை மீறல் குறித்த தகவலுக்கு, இரண்டாம் மேல்முறையீட்டை விசாரிக்கும் தகவல் ஆணையத்தின் ஒப்புதல் வேண்டும். அதற்கான காலம் 45 நாள்.

இதில் பலரையும் கவிழ்ப்பது கூடுதல் கட்டணக் கடிதம். 27, 28-ஆம் நாளில் "நகல் கட்டணம் செலுத்தவும்" என்று ஒரு கடிதம் வரும். அந்தக் கடிதம் அனுப்பப்பட்ட நாளிலிருந்து நீங்கள் பணம் கட்டும் நாள் வரை 30 நாள் கடிகாரம் நின்றுவிடும். நீங்கள் ஒரு மாதம் யோசித்தால், அந்த ஒரு மாதமும் அவர்களுக்கு இனாம். உடனே கட்டுங்கள். தொகை எப்படி வந்தது என்ற கணக்கு அந்தக் கடிதத்தில் இருக்க வேண்டும். அது கூடுதலாகத் தெரிந்தால் தொகையை எதிர்த்தே மேல்முறையீடு செய்யலாம். 30 நாள் கடந்த பிறகு அந்தக் கடிதம் வந்தால் காசு கட்ட வேண்டியதில்லை. கெடு தவறினால் தகவலை இலவசமாகத் தர வேண்டும் என்பது 7(6) பிரிவு.

எண்ணிப் பார்ப்போம்

உங்கள் தெருவில் போட்ட சிமெண்ட் சாலை ஒரே மழையில் பெயர்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்வோம். அந்த வேலையின் அளவுப் புத்தகம், அதாவது ஒப்பந்ததாரர்கள் எம்-புக் என்று சொல்வார்களே, அதன் நகலைக் கேட்டு ஊராட்சி ஒன்றிய அலுவலகத்துக்கு மனு போடுகிறீர்கள். மனு மார்ச் 3 அன்று கிடைத்தது.

கிடைத்த நாளை விட்டுவிட்டு எண்ண வேண்டும். மார்ச் 4 முதல் நாள். 30-ஆவது நாள் ஏப்ரல் 2. அன்றைக்குள் பதில் இல்லையென்றால் மறுப்பு என்று அர்த்தம். ஏப்ரல் 3 முதல் நீங்கள் முதல் மேல்முறையீடு செய்யலாம். அதற்கு உங்களுக்கு 30 நாள், ஆக கடைசி நாள் மே 2.

மேல்முறையீடு ஏப்ரல் 11 அன்று அங்கே கிடைத்தது என்போம். மேல்முறையீட்டு அலுவலர் 30 நாளுக்குள், அதாவது மே 11-க்குள், ஆணையிட வேண்டும். கூடுதல் நேரம் தேவைப்பட்டால் காரணத்தை எழுத்தில் பதிந்துவிட்டு மொத்தம் 45 நாள் வரை, மே 26 வரை, எடுத்துக்கொள்ளலாம்.

அவரும் வாய் திறக்கவில்லையென்றால் இரண்டாம் மேல்முறையீட்டுக்கு 90 நாள். மே 11-லிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 9. மே 26-லிருந்து எண்ணினால் ஆகஸ்ட் 24. எதை எடுப்பது என்று வாதாடிக்கொண்டிருக்க வேண்டாம். முன்னால் வரும் தேதியைக் காலண்டரில் வட்டமிடுங்கள். 45 நாள் முடியும்வரை பார்த்துவிட்டு ஜூன் முதல் வாரத்தில் அனுப்பிவிட்டால் இரண்டு கணக்கிலும் நீங்கள் பத்திரம்.

பதில் கெடுவுக்குள் வந்து, அது உங்களுக்குத் திருப்தி இல்லையென்றால், பதில் உங்கள் கையில் கிடைத்த நாளிலிருந்து 30 நாள். கடிதத்தில் போட்டிருக்கும் தேதி வேறு, கவர் வந்த தேதி வேறு. அலுவலகத்தில் 5-ஆம் தேதி கையெழுத்தாகி, 19-ஆம் தேதி உங்கள் வீட்டு வாசலுக்கு வரும் கடிதங்கள் உண்டு. அதனால் கவரைக் கிழித்துக் குப்பையில் போடாதீர்கள். தபால் முத்திரை தெரியும்படி அதையும் சேர்த்து ஸ்டேபிள் அடித்து வையுங்கள்.

முதல் மேல்முறையீட்டை எழுதுவது

யாருக்கு? அதே அமைப்புக்குள், பொதுத் தகவல் அலுவலரைவிடப் பதவியில் மூத்தவருக்கு. மறுப்புக் கடிதம் வந்திருந்தால், மேல்முறையீட்டு அலுவலர் யார், எத்தனை நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும் என்ற விவரங்களை அதிலேயே தந்திருக்க வேண்டும். 7(8) பிரிவு அப்படிச் சொல்கிறது. கடிதமே வரவில்லையென்றால் அலுவலகத்தின் தகவல் பலகையைப் பாருங்கள், இல்லை இணையதளத்தைப் பாருங்கள். அதுவும் இல்லையா? "முதல் மேல்முறையீட்டு அலுவலர், தகவல் அறியும் உரிமைச் சட்டம்" என்று எழுதி, கீழே அதே அலுவலக முகவரியைப் போட்டு அனுப்புங்கள். பெயர் தெரிய வேண்டிய அவசியம் இல்லை.

கட்டணம்? தமிழ்நாட்டிலும் மத்திய அரசு அலுவலகங்களிலும் மேல்முறையீட்டுக்குக் கட்டணம் இல்லை. தமிழ்நாட்டில் மனுவுக்கு ஒட்டிய 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லையை இங்கேயும் ஒட்டத் தேவையில்லை. மகாராஷ்டிரா போன்ற சில மாநிலங்களில் மேல்முறையீட்டுக்கும் கட்டணம் உண்டு. அங்கே மனு போட்டவர்கள் அந்த மாநில விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

தனிப் படிவம் தேட வேண்டாம். வெள்ளைத் தாள் போதும். மேலே சொன்ன சாலை விவகாரத்துக்கு நான் எழுதினால் இப்படித்தான் எழுதுவேன்:

"பொருள்: தகவல் அறியும் உரிமைச் சட்டம் 2005, பிரிவு 19(1)-ன் கீழ் முதல் மேல்முறையீடு.

ஐயா/அம்மையீர், பிரிவு 6(1)-ன் கீழ் நான் அனுப்பிய மனு தங்கள் அலுவலகப் பொதுத் தகவல் அலுவலருக்கு 3.3 அன்று கிடைத்துள்ளது (அஞ்சல் பட்டுவாடா விவரம் இணைப்பு 2). 30 நாள் கெடு 2.4 அன்று முடிந்தது. இன்றுவரை பதில் இல்லை. பிரிவு 7(2)-ன்படி இது தகவல் மறுப்பாகும்.

கோருவது: மனுவின் இனங்கள் 1 முதல் 4 வரையிலான தகவல்களை, கெடு கடந்துவிட்டதால் பிரிவு 7(6)-ன்படி கட்டணமின்றி, குறித்த ஒரு தேதிக்குள் வழங்க ஆணையிட வேண்டுகிறேன். விசாரணை நடத்துவதாயின் தேதியை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டுகிறேன்.

இணைப்பு: 1. மனு நகல். 2. அஞ்சல் ரசீது, பட்டுவாடா விவரம்."

அவ்வளவுதான். அரைப் பக்கம். இதற்குமேல் எழுதத் துடிக்கும் கையைக் கட்டிப்போடுங்கள். "அந்த ஒப்பந்ததாரர் யாருடைய மைத்துனர் என்று ஊருக்கே தெரியும்" என்ற வரி உங்கள் ஆத்திரத்துக்கு ஆறுதல். மேல்முறையீட்டுக்கு அது பாரம். அதைப் பிடித்துக்கொண்டு, "மனுதாரர் உள்நோக்கத்துடன் கேட்கிறார்" என்று பதில் வரும். ஏன் கேட்கிறீர்கள் என்று சொல்லத் தேவையில்லை என்பது 6(2) பிரிவு உங்களுக்குத் தரும் சௌகரியம். அதை நீங்களே கெடுத்துக்கொள்ளாதீர்கள்.

இன்னொன்று: மனுவில் கேட்காத புதிய தகவலை மேல்முறையீட்டில் கேட்கக் கூடாது. "அப்படியே அந்தப் பக்கத்துத் தெருச் சாலையின் விவரமும்" என்று ஒரு வரி சேர்த்தால், அந்த ஒரு வரியைச் சாக்காக வைத்தே தள்ளுபடி செய்ய வாய்ப்புண்டு. புதுத் தகவலுக்குப் புது மனு.

மேல்முறையீடு அனுப்பிய பிறகு பதில் வந்து சேர்ந்தால்? மேல்முறையீடு செத்துப்போகாது. வந்த பதிலில் எந்த இனம் விடுபட்டிருக்கிறது என்று ஒரு கூடுதல் கடிதம் அனுப்பினால் போதும்.

கெடு தவறிவிட்டதா?

முதல் மேல்முறையீடு, இரண்டாம் மேல்முறையீடு இரண்டிலும், தாமதத்துக்குத் தக்க காரணம் இருந்தால் ஏற்கலாம் என்று சட்டமே இடம் தருகிறது. மருத்துவமனையில் இருந்தீர்களா, வீட்டில் சாவா, கடிதம் பழைய முகவரிக்குப் போய்விட்டதா, அதைச் சான்றோடு முதல் பத்தியில் எழுதுங்கள். "எனக்குச் சட்டம் தெரியாது" என்பதை நம்பி இறங்காதீர்கள்.

சொல்லிக்கொள்ளும்படி காரணம் இல்லையென்றால் நான் சொல்லும் யோசனை வேறு. இன்னொரு 10 ரூபாய் போட்டு அதே மனுவைப் புதிதாகக் கொடுங்கள். சட்டம் அதைத் தடுக்கவில்லை. பழைய கெடுவுக்காக மன்றாடுவதைவிடப் புதுக் கெடுவைத் தொடங்குவது வேகம்.

மறுப்புக் கடிதத்தின் வாசகங்களும் அவற்றுக்குப் பதிலும்

பதிலே வராத வழக்கு சுலபம். பதில் வந்து மறுக்கப்பட்டால்தான் வேலை அதிகம். ஆனால் மறுப்பு வாசகங்கள் ஒரு பத்துப் பன்னிரண்டுக்குள் அடங்கிவிடும். ஒரு அலுவலகத்துக்காக எழுதிய பதில் இன்னொன்றுக்கும் பொருந்துவதைப் பார்த்திருக்கிறேன். அலுப்புத்தான். வசதியும் அதுதான்.

முதலில் ஒரு பொது விதி. தகவலை மறுத்தது நியாயம் என்று காட்ட வேண்டிய பொறுப்பு மறுத்த அலுவலருடையது, உங்களுடையதல்ல. 19(5) பிரிவு. இதை எல்லா மேல்முறையீட்டிலும் ஒரு வரியாகச் சேர்க்கலாம்.

"கோப்பைக் கண்டறிய இயலவில்லை." இது சட்டத்தில் உள்ள விலக்கே அல்ல. எட்டாவது பிரிவு முழுக்கத் தேடினாலும் "காணவில்லை" என்று ஒரு உட்பிரிவு கிடைக்காது. 2013-ல் விஷ்வாஸ் பாம்புர்கர் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம், ஒரு காலத்தில் அலுவலகத்தில் இருந்த தகவலைத் தீர ஆராய்ந்து தேட வேண்டும், கிடைக்காவிட்டால் காணாமல் போனதற்குப் பொறுப்பு யார் என்று நிர்ணயிக்க வேண்டும் என்றது. மேல்முறையீட்டில் நீங்கள் கேட்க வேண்டியது இரண்டு: கோப்பைத் தேடியதற்கான குறிப்பு, தொலைந்திருந்தால் விசாரணை. இதைக் கேட்டதும் தொலைந்த கோப்புகள் திடீரென்று பீரோவுக்கு அடியிலிருந்து எழுந்து வருவதுண்டு.

"வழக்கு நிலுவையில் உள்ளது." வழக்கு இருப்பது மட்டும் காரணமாகாது. நீதிமன்றம் வெளிப்படையாகத் தடை விதித்திருந்தால்தான் 8(1)(ஆ). அந்தத் தடையாணையின் எண்ணையும் தேதியையும் கேளுங்கள்.

"விசாரணை நடந்துவருகிறது." இதுவும் அப்படித்தான். தகவலைத் தந்தால் விசாரணை எப்படித் தடைப்படும் என்று அலுவலர் காட்ட வேண்டும் என்பது 2007-ல் பகத் சிங் வழக்கில் தில்லி உயர் நீதிமன்றம் சொன்னது.

"தாங்கள் கேட்பது கேள்வி வடிவில் உள்ளது." இதில் பல நேரம் அலுவலர் பக்கமே நியாயம் இருக்கும். ஆதித்ய பந்தோபாத்யாய் வழக்கில் 2011-ல் உச்ச நீதிமன்றம் சொன்னபடி, அலுவலகத்தில் இருக்கும் தகவலைத்தான் தர வேண்டும். கருத்துச் சொல்லவோ, இல்லாததைத் தயாரித்துத் தரவோ கட்டாயமில்லை. "சாலை ஏன் பெயர்ந்தது?" என்பது கேள்வி. "சாலையின் தர ஆய்வு அறிக்கை நகல்" என்பது தகவல். உங்கள் மனு முதல் வகையாக இருந்தால் மேல்முறையீட்டில் நேரத்தை வீணாக்காமல் மனுவைத் திருத்தி எழுதுங்கள்.

"தகவல் அதிகமாக உள்ளதால் வழங்க இயலாது." 7(9) பிரிவைக் காட்டி மறுப்பார்கள். அந்தப் பிரிவு, கேட்ட வடிவில் தருவது அலுவலக வேலையைப் பெரிதும் பாதித்தால் வேறு வடிவில் தர அனுமதிக்கிறது. தராமலே இருக்க அனுமதிக்கவில்லை. "கோப்பைப் பார்வையிட்டுத் தேவையான பக்கங்களை மட்டும் நகலெடுத்துக்கொள்கிறேன்" என்று நீங்களே முன்வந்தால் அந்த வாதம் அங்கேயே முடிந்தது.

"தனிநபர் தகவல், பிரிவு 8(1)(ஒ)." இப்போது கனமாகியிருக்கும் மறுப்பு இதுதான். முன்பு இந்த உட்பிரிவுக்குள்ளேயே, பொதுப்பணியோடு தொடர்பில்லாத தகவலைத்தான் மறுக்கலாம், நாடாளுமன்றத்துக்கும் சட்டமன்றத்துக்கும் மறுக்க முடியாததை உங்களுக்கும் மறுக்கக் கூடாது என்ற காப்புகள் இருந்தன. 2023-ஆம் ஆண்டு டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் அவற்றை நீக்கி, "தனிநபர் சார்ந்த தகவல்" என்ற ஒரே வரியாகச் சுருக்கிவிட்டது. 2025 நவம்பரில் இந்தத் திருத்தம் நடைமுறைக்கு வந்தது. என் பார்வையில், இந்தச் சட்டத்துக்கு விழுந்த பெரிய அடி இது.

ஆனால் கதவு முழுதாகச் சாத்தப்படவில்லை. 8(2) பிரிவு அப்படியே இருக்கிறது: காக்கப்படும் நலனைவிடப் பொதுநலன் அதிகம் என்றால், விலக்குக்குள் வரும் தகவலையும் தரலாம். ஆகவே இந்த ஒரு மறுப்புக்கு மட்டும் மேல்முறையீட்டில் "ஏன்" என்று எழுதத்தான் வேண்டும். எந்தத் திட்டம், எவ்வளவு அரசுப் பணம், யாருக்குப் பாதிப்பு என்று நான்கைந்து வரி. கூடவே பத்தாவது பிரிவையும் சேருங்கள்: கைப்பேசி எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் போன்றவற்றை மறைத்துவிட்டு மீதியைத் தாருங்கள் என்று கேட்கும் உரிமை அதில் இருக்கிறது.

நீங்களே மூன்றாம் தரப்பாக இருந்தால்

உங்களைப் பற்றிய தகவலை வேறொருவர் கேட்டு, தரலாம் என்று அலுவலர் முடிவெடுத்தால், நீங்களும் மேல்முறையீடு செய்யலாம். 19(2) பிரிவு. ஆனால் இங்கே 30 நாள் கணக்கு ஆணையின் தேதியிலிருந்து ஓடும், உங்களுக்குக் கிடைத்த தேதியிலிருந்து அல்ல.

மேல்முறையீட்டு அலுவலரும் பேசாவிட்டால்

இது நடக்கும். அடிக்கடி நடக்கும். காரணமும் சட்டத்திலேயே இருக்கிறது. பதில் தராத பொதுத் தகவல் அலுவலருக்கு இருபதாவது பிரிவின்படி ஒரு நாளைக்கு 250 ரூபாய் வீதம் அதிகபட்சம் 25,000 ரூபாய் அபராதம் போடலாம். நூறு நாள் தாமதித்தால் உச்சவரம்பு. முதல் மேல்முறையீட்டு அலுவலருக்கு இந்தப் பிரிவில் எந்த அபராதமும் இல்லை. அவர் சும்மா இருந்தால் அவர் பையிலிருந்து ஒன்றும் போகாது.

பிறகு எதற்கு இந்தப் படி? இதைத் தாண்டாமல் இரண்டாம் மேல்முறையீட்டுக்குப் போக முடியாது. தவிர, எதிர்பாராமல் வேலை செய்வதும் உண்டு. ஒருமுறை ஒரு பெரியவரின் பட்டா மாற்றக் கோப்புக்கு முதல் மேல்முறையீடு எழுதிக் கொடுத்தேன். ஆணை எதுவும் வரவில்லை. பன்னிரண்டாவது நாள், கேட்ட நகல்கள் மட்டும் முகப்புக் கடிதம்கூட இல்லாமல் கவரில் வந்து விழுந்தன. மேலதிகாரி யாரோ யாரையோ கூப்பிட்டுக் கேட்டிருக்கிறார், அவ்வளவுதான்.

இரண்டாம் மேல்முறையீடு: எந்த ஆணையம்?

இங்கே நடக்கும் முதல் தவறு முகவரித் தவறு. தாலுகா அலுவலகம், ஊராட்சி, மாநகராட்சி, மின்வாரியம், காவல்நிலையம், பதிவுத்துறை என மாநில அரசின் கீழ் வருபவை எல்லாம் சென்னையில் உள்ள தமிழ்நாடு தகவல் ஆணையத்துக்கு. ரயில்வே, அஞ்சல், பாஸ்போர்ட், வருங்கால வைப்பு நிதி அலுவலகம், அரசுடைமை வங்கிகள் எல்லாம் புதுதில்லியில் உள்ள மத்திய தகவல் ஆணையத்துக்கு. அலுவலகம் திருச்சியில் இருக்கிறது என்பதால் மாநில ஆணையம் என்று நினைத்துவிடாதீர்கள். யாருடைய அலுவலகம் என்பதுதான் கேள்வி.

கெடு 90 நாள். ஆணை வந்திருந்தால் அது கையில் கிடைத்த நாளிலிருந்து, வராவிட்டால் வந்திருக்க வேண்டிய நாளிலிருந்து. கட்டணம் இல்லை.

அனுப்ப வேண்டியவை: மனு, பொதுத் தகவல் அலுவலரின் பதில், முதல் மேல்முறையீடு, அதன் மீதான ஆணை, அஞ்சல் சான்றுகள், பக்க எண்ணோடு ஒரு பட்டியல். பதிலோ ஆணையோ வரவில்லையென்றால், "வரப்பெறவில்லை" என்று பட்டியலில் அந்த இடத்தில் எழுதுங்கள். வெறுமனே விட்டால் நகல் இணைக்கவில்லை என்று திருப்பக்கூடும். ஒவ்வொரு பக்கத்திலும் கையெழுத்திடுங்கள். மத்திய ஆணையத்துக்கு 2012-ஆம் ஆண்டு விதிகளின்படி அனுப்பும் ஆவணங்களை நீங்களே சான்றொப்பமிட வேண்டும். அங்கே இணையவழியிலும் தாக்கல் செய்யலாம்.

முதல் பக்கத்தில் ஒரு தேதிக் கட்டம் போடுவது என் வழக்கம். மனு கிடைத்த நாள், பதில் நாள், முதல் மேல்முறையீடு கிடைத்த நாள், ஆணை நாள், இன்றைய நாள். ஐந்து வரி. ஆணையர் கோப்பைத் திறந்ததும் கெடு சரியா என்றுதான் முதலில் பார்ப்பார். அதை அவர் தேட வேண்டியிருக்கக் கூடாது.

கோரிக்கையில் மூன்றைத் தனித்தனியாகக் கேளுங்கள்: தகவலைக் கட்டணமின்றித் தர ஆணை, 20(1) பிரிவின் கீழ் அபராதம், உண்மையில் நட்டம் ஏற்பட்டிருந்தால் 19(8)(ஆ) பிரிவின் கீழ் இழப்பீடு. அபராதம் அரசுக் கணக்குக்குப் போகும், உங்களுக்கு வராது. இழப்பீடுதான் உங்களுக்கு. அதற்குப் பேருந்துச் சீட்டு, நகல் செலவு ரசீது, வேலை இழந்த நாள் என்று ஏதாவது காட்ட வேண்டும்.

பதினெட்டாவது பிரிவின் கீழ் நேரடியாகப் புகார் அனுப்பினால் முதல் மேல்முறையீட்டைத் தவிர்க்கலாமே என்று சிலர் கேட்பார்கள். அந்தக் குறுக்கு வழியில் ஒரு பள்ளம் இருக்கிறது. மணிப்பூர் மாநில வழக்கில் 2011 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், பதினெட்டாவது பிரிவுப் புகாரில் ஆணையம் அபராதம் போடலாம், ஆனால் தகவலைத் தரச் சொல்லி ஆணையிட முடியாது என்று தீர்த்துவிட்டது. தகவல் வேண்டுமென்றால் பத்தொன்பதாவது பிரிவுதான் வழி. மனுவை வாங்கவே மறுத்தார்கள், பொதுத் தகவல் அலுவலரையே நியமிக்கவில்லை என்பன போன்றவற்றுக்குப் பதினெட்டைப் பயன்படுத்துங்கள்.

இதுவரை எல்லோருக்கும் கெடு வைத்த சட்டம், இரண்டாம் மேல்முறையீட்டை எத்தனை நாளுக்குள் முடிக்க வேண்டும் என்று ஆணையத்துக்குக் கெடு வைக்கவில்லை. மாதக்கணக்கில் காத்திருக்க மனத்தைத் தயார்ப்படுத்திக்கொள்ளுங்கள். முகவரியோ கைப்பேசி எண்ணோ மாறினால் கோப்பு எண்ணைக் குறிப்பிட்டு ஆணையத்துக்குத் தெரிவித்துவிடுங்கள். இரண்டு வருடம் காத்திருந்து, விசாரணை அறிவிப்பு பழைய வாடகை வீட்டுக்குப் போய்த் திரும்பிய கதையெல்லாம் உண்டு.

விசாரணை நாள்

சில நிமிடங்களில் முடிந்துவிடும். நேரிலோ காணொளியிலோ அழைப்பார்கள். மத்திய ஆணைய வழக்குகளில் குறைந்தது 7 முழு நாள் முன்னதாக அறிவிப்பு வர வேண்டும். சாலையின் வரலாறு, ஊரின் அரசியல் எதற்கும் அங்கே நேரமில்லை. "இனம் 1, 2 கிடைத்தது. இனம் 3, எம்-புக் பக்கங்கள், கிடைக்கவில்லை. இனம் 4-க்குத் தந்த பதில் வேறு சாலையைப் பற்றியது." இப்படி எண் சொல்லிப் பேசுங்கள்.

விசாரணைக்கு முந்தைய நாள் அலுவலகத்திலிருந்து போன் வரலாம். "தகவலைத் தந்துடறோம் சார், திருப்தின்னு ஒரு கையெழுத்து போட்டுக் கொடுங்க." தகவலை வாங்கிக்கொள்ளுங்கள். கையெழுத்தை, "இத்தனை பக்கங்கள் இன்ன தேதியில் பெற்றேன்" என்பதோடு நிறுத்துங்கள். திருப்தியா இல்லையா என்பதைப் படித்துப் பார்த்துவிட்டு ஆணையத்தில் சொல்லலாம்.

ஆணை வந்த பிறகு

ஆணையத்தின் முடிவு அலுவலகத்தைக் கட்டுப்படுத்தும். தகவல் தர ஆணையில் ஒரு கெடு இருக்கும்; அது முடிந்தும் வரவில்லையென்றால், அதே வழக்கு எண்ணைக் குறிப்பிட்டு, ஆணை நிறைவேற்றப்படவில்லை என்று ஆணையத்துக்கு எழுதுங்கள். புது மேல்முறையீடு தேவையில்லை.

ஆணையத்தின் முடிவே உங்களுக்கு எதிராக இருந்தால் சட்டத்துக்குள் மூன்றாம் மேல்முறையீடு இல்லை. 23-ஆவது பிரிவு சிவில் நீதிமன்றத்தையும் தடுக்கிறது. அரசமைப்புச் சட்டத்தின் 226-ஆவது பிரிவின் கீழ் சென்னை உயர் நீதிமன்றத்திலோ, தென்மாவட்டமாக இருந்தால் மதுரைக் கிளையிலோ ரிட் மனு போடலாம். அதற்கு இந்தச் சட்டத்தில் நாள் கெடு எதுவும் இல்லையென்றாலும், ஏன் இவ்வளவு தாமதம் என்று நீதிமன்றம் கேட்கும். அங்கே 10 ரூபாய் வில்லையும் அரைப் பக்கத் தாளும் போதாது. வக்கீல் வேண்டும், செலவாகும். அந்தச் செலவுக்கு முன், மனுவில் கேட்டதையே வேறு வாக்கியத்தில், வேறு ஆவணத்தின் பெயரைச் சொல்லி இன்னொரு முறை கேட்டுப் பார்க்க முடியுமா என்று பாருங்கள். எம்-புக் கிடைக்காவிட்டால், அந்த வேலைக்குப் பணம் கொடுத்த பில்லும் வவுச்சரும் இன்னொரு கோப்பில் இருக்கும்.